விரலின் வசதியும் கோப்பின் சுத்தமும்

சில வருடங்களுக்கு முன்னர் வீடு மாறியபோது நிலவறையில் ஒரு சப்பாத்துப் பெட்டி அகப்பட்டது. உள்ளே மூன்றரை அங்குலப் பிளொப்பித் தட்டுகள் 23. ஒவ்வொன்றின் முகத்திலும் நீல மையில் என் கையெழுத்து: ‘இதழ் 4 – கவிதைகள்’, ‘இதழ் 7 – அஞ்சலி’, ‘இதழ் 9 – கடிதங்கள், திருத்தியது’. ஜேர்மனியின் சிறு நகரம் ஒன்றிலிருந்து 1993 முதல் 1998 வரை நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய சஞ்சிகை அது. பதினொரு இதழ்கள் வந்தன. பிறகு நின்றுபோயிற்று. அநேகமான புகலிடச் சஞ்சிகைகளின் சரித்திரம் இவ்வளவுதான்.

அந்தப் பெட்டியைக் குப்பையில் போடாமல் தடுத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. கனடாவிலிருந்து ஒரு பெண்மணி பேசினார்.

“அண்ணை, உங்கடை புத்தகத்திலை எங்கடை அண்ணாவைப் பற்றி ஒரு அஞ்சலி வந்ததாம். அந்தக் கொப்பி இப்ப ஒருத்தரிட்டையும் இல்லை. உங்களிட்டை கிடக்குமே?”

என்னிடமும் அச்சிட்ட கொப்பி இருக்கவில்லை. ஆனால் ‘இதழ் 7 – அஞ்சலி’ இருந்தது. பழைய தட்டுகளை வாசிக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கணனியில் கொழுவினேன். மூன்று தட்டுகள் செத்துப்போயிருந்தன. மிச்சம் இருபதும் உயிரோடு இருந்தன. எல்லாவற்றையும் கணனிக்குள் ஏற்றிவிட்டு, அந்த மனிதரின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடச் சொன்னேன். அப்படி ஒரு பெயரே எங்கும் இல்லை என்றது கணனி.

கோப்பைத் திறந்து பார்த்தேன். தமிழில் ஒரு எழுத்துக்கூட இல்லை. வரிக்கு வரி ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும். ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இருபது தட்டுகளிலும் இதே கதைதான்.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. இரவிரவாக இருந்து இவற்றையெல்லாம் அடித்தவன் நான்தான். அச்சில் அழகான தமிழாக வந்த ஒன்று கோப்புக்குள் தமிழாகவே இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதும் ஓரளவு தெரியும். தெரிந்தும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஏன் படவில்லை என்பதை விளங்கிக்கொள்வதற்கு, கணனியில் எழுத்து வேலை தொடங்கிய நாளிலிருந்து நடந்துவரும் ஒரு வழக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

*

எழுதுகிறவனின் வசதி பெரிதா, எழுதி முடித்த கோப்பின் சுத்தம் பெரிதா என்பதுதான் வழக்கு. சுத்தம் என்று நான் சொல்வது, வேறொரு பொறியில், வேறொரு மென்பொருளில், வேறொரு காலத்தில் திறந்தாலும் கோப்பு அதே பொருளைத் தருவதை.

1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ள்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வேர்ட் மோஷர், ரேமண்ட் லோறி என்ற மூவர் சட்ட அலுவலகங்களுக்கான ஒரு தகவல் அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரே ஆவணத்தைத் திருத்த ஒரு மென்பொருள், தேடி எடுக்க இன்னொன்று, அச்சுக்கு அடுக்க மற்றொன்று. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒன்று சொல்வது மற்றதுக்கு விளங்கவில்லை. ‘இதைத் தடித்த எழுத்தில் போடு’ என்று எழுதாமல், ‘இது தலைப்பு’, ‘இது பந்தி’ என்று மட்டும் கோப்பில் குறித்துவைப்போம், எப்படித் தோற்றமளிக்கவேண்டும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவர்கள் கண்ட வழி. மூவருடைய குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகளையும் சேர்த்தே அதற்குப் பெயர் வந்தது: ஜி.எம்.எல். அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் சர்வதேசத் தரமாயிற்று. இன்றைய இணையப் பக்கங்களின் மொழியும் அந்த வம்சந்தான்.

மறுபக்கத்துக் கதை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1974இல் பட்லர் லாம்ப்சனும் சார்ள்ஸ் சிமொன்யியும் ‘பிராவோ’ என்றொரு மென்பொருளைச் செய்தார்கள். திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே தாளில் வரும். குறியீடு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தடித்த எழுத்து வேண்டுமென்றால் திரையிலேயே தடித்துத் தெரியும். சிமொன்யி 1981இல் மைக்ரோசொவ்ற்றுக்குப் போனார். அங்கிருந்து 1983இல் ‘வேர்ட்’ வெளிவந்தது. உலகத்தின் பெரும்பகுதி இன்றும் எழுதுவது இந்த வழியில்தான்.

இரண்டுக்கும் நடுவே 1977இல் ஒரு கணித மனம் கோபப்பட்டது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கனூத், தன் நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப் பிரதியைக் கண்டு முகம் சுளித்தார். முதற் பதிப்பு ஈய எழுத்தில் அடுக்கப்பட்டது. புதியது ஒளி அச்சுக்கோர்ப்பில் வந்தது. கணிதச் சூத்திரங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வருட விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று எண்ணித் தானே ஒரு அச்சுக்கோர்ப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். பத்து வருடத்துக்கு மேல் சென்றது. அதுதான் ‘டெக்’.

டெக்கில் எழுதுவது சுகமான வேலை அல்ல. பின்சாய்வுக் கோடும் வளைந்த அடைப்பும் போட்டுக் கட்டளைகளை எழுதவேண்டும். ஓட்டிப் பார்த்தால்தான் பக்கம் தெரியும். ஓரிடத்தில் அடைப்பை மூட மறந்தால் பொறி நின்று முறைக்கும். ஆனால் கனூத் ஒரு முடிவெடுத்தார். 1990இல் மூன்றாம் பதிப்பு வந்தபின் புதிய வசதி எதையும் சேர்ப்பதில்லை, பிழை திருத்துவது மட்டுமே. அதன் பதிப்பு எண்கூட ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு இலக்கம் கூடி, வட்டத்தின் ‘பை’ என்ற எண்ணை நோக்கி நகர்கிறது. பலன் என்னவென்றால், எண்பதுகளின் நடுவில் எழுதப்பட்ட ஒரு டெக் கோப்பை இன்றைய கணனியில் ஓட்டினாலும் அதே இடத்தில் வரி முறிந்து அதே பக்கம் வருகிறது. என் பிளொப்பித் தட்டுகளுக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

*

சாதாரண மனிதர்கள் எல்லோரும் கனூத் ஆகமுடியாது. ஆகவே நடுவழி தேடியவர்களும் இருந்தார்கள். லெஸ்லி லாம்போர்ட் எண்பதுகளில் டெக்கின் மேல் ‘லாடெக்’ என்ற இலகுவான மேற்பூச்சைப் போட்டார். அதில் அத்தியாயம், பகுதி, அடிக்குறிப்பு என்று பொருளைச் சொன்னால் போதும். எண்பதுகளில் அலுவலகங்களை ஆண்ட ‘வேர்ட்பேர்பெக்ற்’ வேறொரு யுக்தி வைத்திருந்தது. ஒரு விசையைத் தட்டினால் திரையின் கீழ்ப்பாதி திறந்து, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் குறிகள் அத்தனையும் தெரியும். ஏன் இந்த வரி மட்டும் சாய்ந்து நிற்கிறது என்று குழம்புகிற தட்டெழுத்தாளர் அங்கே போய்க் குற்றவாளியைப் பிடிக்கலாம். பழைய தட்டெழுத்தாளர்கள் அந்த வசதியை இன்றும் நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்த நடுவழியின் இன்னொரு பிள்ளை ஜேர்மனியிலேயே பிறந்தது. 1995இல் மத்தியாஸ் எற்றிக் என்ற மாணவர் ‘லிக்ஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். திரையில் தலைப்பு தலைப்பாகத் தெரியும், சூத்திரம் சூத்திரமாகத் தெரியும். அடியில் வேலை செய்வது லாடெக். அதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. இடைவெளிக் கட்டையை இரண்டு தரம் தட்டினால் இரண்டாவது தட்டு விழாது. தலைப்பை நடுவுக்குக் கொண்டுவர இருபது தரம் இடைவெளி தட்டுகிற நம்முடைய பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. இடைவெளி என்பது சொல்லைச் சொல்லிலிருந்து பிரிப்பதற்கு, அலங்காரத்துக்கு அல்ல என்று அது பிடிவாதமாக நிற்கிறது. முதலில் எரிச்சல் வரும். பத்து வருடம் கழித்துக் கோப்பைத் திறக்கிறவன் நன்றி சொல்வான்.

இந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. வேர்ட் 2000இல் எழுதியதை ஒரு சொடுக்கில் இணையப் பக்கமாகச் சேமிக்கலாம். மிகப் பெரிய வசதி. ஆனால் திரும்பவும் வேர்ட்டில் திறந்தால் எதுவும் மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காக, தன் உள்வீட்டு விபரங்கள் எல்லாவற்றையும் அது பக்கத்துக்குள் திணித்தது. நாலு வரிக் கடிதத்துக்கும் பக்கக்கணக்கில் குறியீடு. அந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளுவதற்கென்றே டேவ் ராகெற் எழுதிய ‘ரைடி’ என்ற துப்புரவு மென்பொருளில் தனி ஏற்பாடு செய்யவேண்டி வந்தது.

*

இனி நம்முடைய வீட்டுக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர். பொறி ஜேர்மனியில் செய்யப்பட்டது. 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்குவதுதான் பிரச்சினை. எழுத்தை எழுத்தாகப் பாராமல் உருவத் துண்டுகளாகப் பார்த்ததில்தான் தீர்வு இருந்தது. ஒற்றைக் கொம்பு ஒரு விசை, அரவு ஒரு விசை, புள்ளி ஒரு விசை. ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பு, ககரம், அரவு என்று கண் பார்க்கிற வரிசையில் தட்டவேண்டும். தாளில் மை விழுந்தவுடன் வேலை முடிந்தது. தாளுக்கு நினைவு தேவையில்லை.

எண்பதுகளின் நடுவில் கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’யையும் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வையும் செய்தார்கள். தொண்ணூறுகளில் சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தார். எங்கள் ஊரவர் மத்தியில் பரவியது ‘பாமினி’. தட்டச்சுப் பொறியின் பழக்கத்தை அது அப்படியே கணனிக்குக் கொண்டுவந்தது. எழுத்துருவுக்குள் ஆங்கில ‘கே’யின் உருவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ம’வின் உருவத்தை வைத்துவிட்டார்கள். ‘எஃப்’ இருந்த இடத்தில் ‘க’. அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்ப்புள்ளி. கணனி ஆங்கிலம் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தமிழ் தெரியும்.

எந்தக் கணனியிலும், எந்த மென்பொருளிலும் அது வேலை செய்தது. யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. ஜேர்மன் விசைப்பலகைதான் கொஞ்சம் கரைச்சல் தந்தது. அதிலே ‘வை’யும் ‘இஸற்’றும் இடம் மாறி இருப்பதால் ‘ல’ வரவேண்டிய இடத்தில் ‘ண’ வரும். அரைப்புள்ளிக்கு இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும், அதாவது தமிழில் ஆகக் கூடுதலாக வருகிற புள்ளிக்கு இரண்டு விரல். கணனியை ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றி வைத்துவிட்டு, உணவகத்தில் கோப்பை கழுவிய கையோடு வந்து இரவு இரண்டு மணிவரை அடிப்பேன். அதற்கு முன்னர் வந்த சஞ்சிகைகள் பல கையால் எழுதிப் பிரதி எடுக்கப்பட்டவை. எங்களுக்கு இது ஒரு சொந்த அச்சுக்கூடம் கிடைத்த மாதிரி.

முதற் குறை இரண்டாவது வருடமே தெரிந்தது. சந்தாதாரர் பட்டியலை அகரவரிசைப்படுத்தக் கணனிக்குச் சொன்னேன். ‘ய’வில் தொடங்கும் பெயர்கள் முதலில் வந்தன. பிறகு ‘உ’, பிறகு ‘ந’, ‘க’, ‘ப’. அகரம் எங்கோ நடுவில் நின்றது. ‘கொழும்பு’ ககரத்தோடு சேராமல் கொம்புகளோடு போய் நின்றது. பாவம், கணனி ஆங்கில நெடுங்கணக்குப்படி மிகச் சரியாகத்தான் அடுக்கியிருந்தது. நாங்கள் சிரித்துவிட்டுக் கையால் அடுக்கினோம்.

இரண்டாவது குறை அவ்வளவு சிரிப்புக்குரியதல்ல. தட்டச்சில் பழகியவர்கள் ‘ர்’ அடிக்க ரகர விசைக்குப் போவதில்லை. அரவைத் தட்டி மேலே புள்ளி வைப்பார்கள். பார்வைக்கு வித்தியாசமே இல்லை, கையும் வேகமாக ஓடும். எங்கள் சஞ்சிகையில் நான் ஒரு மாதிரி அடித்தேன், மற்ற நண்பர் இன்னொரு மாதிரி அடித்தார். அச்சில் இரண்டும் ஒன்று. கோப்பில் இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

*

இதற்கெல்லாம் மருந்து அப்போது இருந்ததா என்று கேட்டால், தாளில் இருந்தது. யூனிக்கோட்டின் முதற் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. எங்கள் முதல் இதழுக்கு இரண்டு வருடம் முந்தி. ஆனால் எங்களிடமிருந்த சாதாரணக் கணனியால் அதைக் காட்ட முடியாது. விண்டோஸ் 2000 வரும்வரை பொறுத்திருந்தால் சஞ்சிகையே வந்திருக்காது. ஆகவே அன்றைக்கு வசதியைத் தேர்ந்தது பிழை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

இடைப்பட்ட காலத்தில் பலர் பாடுபட்டார்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ்க் கணனி மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டிலிருந்து ‘தமிழ் 99’ விசைப்பலகையும் ‘டாப்’, ‘டாம்’ குறியீடுகளும் வந்தன. இன்னொரு பக்கத்தில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்குவதற்குத் திஸ்கியையும் பாவித்தது. யூனிக்கோட்டிலும் குறை கண்டவர்கள் உண்டு. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டும் என்றார்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோட்டையும், அந்தக் கோரிக்கையின் வழிவந்த ‘டேஸ் 16’ஐயும் தரங்களாக ஏற்றது. நடைமுறையில் வென்றது யூனிக்கோட்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு ஆகப் பெரிய பாடமாகப் பட்டது ஒரு சின்ன விஷயம். யூனிக்கோட் வந்தபின் ‘எ-கலப்பை’ போன்ற விசைப்பலகை மென்பொருட்கள் வந்தன. அவற்றில் பாமினி முறையிலேயே தட்டலாம். விரல் முப்பது வருடம் பழகிய வழியிலேயே போகும். கோப்புக்குள் விழுவது ஆங்கில ‘கே’ அல்ல, உண்மையான ‘ம’. கொம்பை முதலில் தட்டினாலும், ககரத்தின் பின்னே அது சரியாகப் போய் உட்காரும்.

அப்படியென்றால் வசதிக்கும் சுத்தத்துக்கும் பிறவிப் பகை எதுவும் இருக்கவில்லை. விரல் தட்டுவது ஒன்று, கண் பார்ப்பது ஒன்று, கோப்பு நினைவில் வைப்பது ஒன்று. பழைய எழுத்துருக்கள் இந்த மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டன. கோல்ட்ஃபார்ப்பும் நண்பர்களும் 1969இல் கண்ணையும் நினைவையும் பிரித்தார்கள். லிக்ஸ் விரலையும் நினைவையும் பிரித்தது. தமிழில் அந்த முடிச்சு அவிழ நாங்கள் இன்னும் கொஞ்சக் காலம் காத்திருக்கவேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்சக் காலத்துக்குள்தான் நம்மவர்கள் புகலிடத்தில் ஆகக் கூடுதலாக எழுதினார்கள்.

*

கனடாப் பெண்மணியின் அண்ணாவைக் கடைசியில் கண்டுபிடித்தேன். பெயரைத் தமிழில் தேடுவதை விட்டுவிட்டு, பாமினியில் என்ன விசைகளைத் தட்டியிருப்பேனோ அவற்றை ஆங்கில எழுத்தாகவே அடித்துத் தேடினேன். அஞ்சலிக் கட்டுரை கிடைத்தது. அவருடைய பெயரில் ஒரு ‘ர்’ உண்டு. இரண்டு நாள் கழித்து யோசனை வந்து, அரவும் புள்ளியுமாக இன்னொரு தடவை தேடினேன். இதழ் 9இன் கடிதங்களுக்குள் அவரைப் பற்றி அவருடைய பாடசாலை நண்பர் எழுதிய ஒரு பக்கம் வந்தது. நண்பர் அடித்த பக்கம். அப்படி ஒரு கடிதம் வந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

கோப்புகளை யூனிக்கோட்டுக்கு மாற்றுவதற்கு மென்பொருட்கள் உண்டு. ஓட்டினேன். நிமிடத்தில் எல்லாம் தமிழாயிற்று. வாசித்துப் பார்த்தால் ஓரிடத்தில் கண் இடறியது. ‘வெளிநாடு’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘வௌிநாடு’. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே உருவம், ஒரே விசை. கொம்பு, வகரம், ளகரம் என்று கண்டவுடன் மாற்றி அதை ‘வௌ’ என்று முடிவுகட்டிவிட்டது. இகரக் குறி அநாதையாக நிற்கிறது. வெளியீடு, வெளியேற்றம், வெள்ளம், வெள்ளை எல்லாவற்றுக்கும் இதே கதி. புகலிடத்துச் சஞ்சிகையில் ‘வெளி’ என்ற சொல் எத்தனை தரம் வரும் என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. ‘அவர்கள்’ பாதி இடங்களில் அரவும் புள்ளியுமாகவே கிடந்தது. இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தாவிட்டால் நாளைக்குத் தேடுகிறவருக்கு அவர்கள் அகப்படமாட்டார்கள்.

அச்சில் வந்த பிரதிகளைப் படம் பிடித்து வைத்தால் போதாதா என்று நண்பர் கேட்டார். போதாது, ஆனால் அதுவும் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பக்கங்களில் ஈழத்துச் சஞ்சிகைகளைத் தாளின் படமாகவே பார்க்கிறபோது மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது. படம் தோற்றத்தைக் காப்பாற்றும். தேடுகிறவருக்குப் பெயரை எடுத்துக் கொடுப்பது எழுத்துத்தான். பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப். கோப்புகளை வைத்திருப்பவர்களும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். ஒரு வரியைப் பிரதி எடுத்து மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வந்தால் நல்லது. ஜே, கே, பி, ஓ வந்தால் உங்களுக்கும் என்னைப்போல வேலை இருக்கிறது.

அந்தப் பெண்மணிக்கு அஞ்சலியையும் கடிதத்தையும் திருத்தி, யூனிக்கோட்டில் ஒன்று, படமாக ஒன்று என்று இரண்டு வடிவில் அனுப்பினேன். “அண்ணை, போனிலை அவற்றை பேரை அடிக்க அது வருது” என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இருபது தட்டுகளில் ஆறு முடிந்திருக்கிறது. பதினான்கு கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு இரவு உட்காருகிறேன். விரல் இன்னும் பாமினி முறையில்தான் போகிறது. அதை மாற்றுகிற எண்ணம் இல்லை.